நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு

என் தங்கச்சியின் கல்யாணப் பேச்சு இரண்டு தடவை நின்றுபோனதற்குக் காரணம் ஜாதகம் இல்லை, நகை இல்லை, மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை. என்னுடைய கார்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் காரைப் பற்றி ஒரு சித்திரை மாத மத்தியானத்தில் நான் வாயைத் திறந்து சொன்ன ஒரு வார்த்தை.

நான் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீடு திருக்கோகர்ணத்தில். வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார், மகன் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். வீட்டில் நானும் தங்கச்சியும்தான். அவளுக்கு முப்பத்திரண்டு வயது, ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் இடுப்பு விட்டுப்போச்சு என்று நான் புலம்பியதைக் கேட்டு, ஒரு விடுமுறையில் வந்த வீட்டுக்காரர் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டுப் போனார். காலையில் நான் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டைத் திறந்து பிடித்துக்கொள்வதும், நான் தெருவுக்கு வந்ததும் சாத்திவிட்டுக் கையை ஆட்டுவதும் தங்கச்சியின் வேலை. நான் இறங்கவே மாட்டேன்.

வெயில் காலம் முழுக்க வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஐப்பசி மழை தொடங்கியதும் காலையில் முரண்டு பிடித்தது. சாவியைத் திருகினால் இஞ்சின் சுற்றும், வெள்ளைப் புகை வரும், பிடிக்காது. எட்டு மணிக்கு வெயில் பானெட் மேல் விழுந்த பிறகு எடுத்தால் மூன்றாவது தடவை பிடித்துவிடும். நான் கிளம்புவதே எட்டு மணிக்குத்தான் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முகப்பைக் கிழக்குப் பார்த்து நிறுத்த ஆரம்பித்தேன், அவ்வளவுதான். வயசான வண்டி, கொஞ்சம் வெயில் காயட்டும் என்று தங்கச்சியிடம் சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

கார்த்திகையில் கீரனூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். இதற்கு முன்னால் வந்த இரண்டு இடங்களைப் பற்றித் தங்கச்சி ஒரு வார்த்தை பேசியதில்லை. இவரைப் பற்றி, "மாட்டுக்கு ஊசி போடுறப்ப அதுக்கிட்ட மன்னிப்பு கேப்பாராம்க்கா" என்று மூன்று தடவை சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது.

மார்கழி கழியட்டும், தையில் நாங்கள் கீரனூர் போய் அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் பேசி முடித்துவிடலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அப்பா அம்மா இல்லாத எங்களுக்கு எதற்கும் முன்னால் நிற்பவர் பெரியப்பா. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார். நல்ல மனுஷன், ஆனால் தினசரி காலண்டரைப் பார்க்காமல் பல்கூடத் துலக்க மாட்டார். தை முதல் ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு அந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டும், ஆறரைக்குப் புறப்பட வேண்டும் என்று நேரம் குறித்தார். நல்ல நேரம் என்று இவர் குறித்தது வண்டிக்கு ஆகவே ஆகாத நேரம். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

முந்தின நாளே வந்து தங்கிவிட்டார்கள். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளும் மருமகனும், என்னோடு சேர்த்து ஐந்து பேர். பூ, பழம், ஸ்வீட் எல்லாம் மடியில். கல்யாணப் பெண் வரக்கூடாது என்பதால் தங்கச்சி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவியைப் போட்டேன். திருகினேன். இஞ்சின் சுற்றியது, சுற்றியது, புகை வந்தது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு பேட்டரியும் இறங்கிப்போய் வெறும் டக்டக் சத்தம்தான்.

மருமகன் இறங்கி, "தள்ளி ஸ்டார்ட் பண்ணிரலாம் மாமா" என்றார்.

"நல்ல காரியத்துக்குத் தள்ளிக்கிட்டா போறது? காரியமே தள்ளிப்போயிரும்" என்றார் பெரியப்பா. வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஸ்டியரிங்கை ஓங்கி ஓர் அடி அடித்தேன். கையில்தான் வலித்தது.

எல்லோரும் பேட்டரிதான் என்றார்கள். புது பேட்டரி மாற்றினேன். மறுவாரம் திங்கட்கிழமைக்கு நாள் பார்த்தார் பெரியப்பா. அன்று ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும். நான் பள்ளிக்கு லீவு போட்டேன். அதே ஆறரை மணி, அதே ஐந்து பேர், கேட்டில் தங்கச்சி. புது பேட்டரி இஞ்சினை முன்னைவிட வேகமாகச் சுற்றியது. புகையும் முன்னைவிட அதிகமாக வந்தது. பிடிக்கவில்லை.

இந்தத் தடவை பெரியப்பா கோபப்படக்கூட இல்லை. "ரெண்டு தடவை வாசல்லயே நிக்குது. விட்ருவோம்த்தா" என்றார். கீரனூருக்குப் போன் போட்டுச் சொன்னபோது மாப்பிள்ளையின் அம்மா, "தை முடியறதுக்குள்ள வந்தா வாங்க. எங்களுக்கு இன்னொரு இடத்துலயும் கேக்குறாங்க" என்றார். அவர் பேரில் தப்பே இல்லை.

தங்கச்சி கேட்டைச் சாத்திவிட்டு வந்தாள். அழவில்லை. "வந்து பாத்தவங்க வேணாம்னு சொல்லலக்கா. ஒன் வண்டிதான் என்னை வேணாங்குது" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

அன்று பதினொரு மணிக்கு, வெயிலில் நின்ற அந்தக் கார் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்குப் பின்னால் பிரஷர் குக்கர் என்று சொல்வது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர்கள் என்னைப் பார்த்திருந்தால் இன்னும் பெரிய பெயராக வைத்திருப்பார்கள். அப்படியே தஞ்சாவூர் ரோட்டில் டீசல் வண்டி மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனேன்.

என் வயதுதான் இருக்கும் அவருக்கு. இஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால், எப்போது பிடிக்கவில்லை, எப்போது பிடிக்கிறது என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"அப்ப ஹீட்டர் பிளக்குங்க. மஞ்ச லைட்டு எரியுதா?"

டாஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, சில நொடியில் அணையும். எரிகிறது என்றேன்.

"அது டைமர்ல எரியும், டைமர்ல அணையும். பிளக்கு சூடாகுதா இல்லையான்னு அதுக்குத் தெரியாதுங்க" என்று சொல்லி இஞ்சினுக்குள் கையை விட்டவர், நான்கு பிளக்குக்கும் போகிற ஒயரை வெளியே இழுத்தார். அது எதிலும் மாட்டப்படவில்லை. முனையில் கறுப்பு டேப் சுற்றி அழகாக மடித்துக் கட்டியிருந்தது.

"யாருங்க மேடம் இதைக் கழட்டுனது?"

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கார் வாங்கிய புதிதில் ஒரு ஃபியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. கத்திரி வெயில். ஓர் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "ஹீட்டர் லைன்ல ஷார்ட்டாகுது மேடம், கழட்டி விட்ரவா?" என்று கேட்டார். ஹீட்டர் என்றால் ஊட்டியில் காருக்குள் போட்டுக்கொள்வார்களே, அது என்று நினைத்தேன். நெற்றியில் வியர்வை கண்ணுக்குள் இறங்க, "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு? கழட்டி எறிங்க" என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது, காற்றை அழுத்தும்போது வருகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது என்று பலகையில் படம் போட்டுப் பல வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். இஞ்சின் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூடு போதாது, அதற்காகத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விரல் நீளத்தில் ஒரு கம்பி, அதுதான் ஹீட்டர் பிளக், பழுத்துச் சூடு கொடுக்கிறது. வார்த்தையைக் கேட்ட நான் அது எந்த ஹீட்டர் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மெக்கானிக்கிடம், "நான்தாங்க கழட்டச் சொன்னேன்" என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

நான் ஓட்டி வந்த இஞ்சின் சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழட்ட வேண்டும் என்று உடனே வேலையில் இறங்கினார். மூன்று பிளக் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் பேட்டரியில் வைத்துக் காட்டினார். இரண்டு முனை சிவந்தது, ஒன்று அப்படியே கிடந்தது. நான்காவது அசையவில்லை. அவர் ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

"உள்ள முனை வீங்கியிருக்கும். அழுத்தித் திருப்புனா ஒடிஞ்சு உள்ள நின்னுரும். அப்புறம் இஞ்சினோட மேல்பாகம், ஹெட்டையே கழட்டி எறக்கணும். பதினஞ்சு நாளு ஆயிரும்."

தை முடிய அவ்வளவு நாள்கூட இல்லை. ஏன் அவசரம் என்று அவரிடம் சொன்னேன், கல்யாணம், சகுனம் எல்லாம். அவர் பிளக்கைச் சுற்றி எண்ணெய் ஊற்றினார். ஊறட்டும், நாளைக்குச் சாயங்காலம் வாங்க என்றார்.

மறுநாள் பள்ளி விட்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். என்னை வைத்துக்கொண்டுதான் திருப்பினார். கழட்டின மூன்றையும் திரும்ப மாட்டி, இஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி அணைத்து, கால் சுற்று முன்னால், அரைக்கால் சுற்று பின்னால், மறுபடி எண்ணெய். ஒரு கிறீச் சத்தம் கேட்டது. ஒடிந்துவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் கையில் முழுசாக இருந்தது, முனை மட்டும் உப்பிக் கறுத்து.

நான்கும் புதிது மாட்டி, ஒயரை முடுக்கி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் அவரே எடுத்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார். "ஒரே அடியில எடுத்திருச்சுங்க."

பழைய பிளக் நான்கையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு அன்று சாயங்காலமே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் உள்ளங்கையில் வைத்து, "இதுதான் பெரியப்பா தடங்கலு. கழட்டிவிடச் சொன்னது நான்தான்" என்று ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அந்த வீங்கின முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தடங்கலைக் கையிலயே பிடிச்சுக் கொண்டாந்துட்டியேத்தா. இதைவிட நல்ல சகுனம் வேற என்ன வேணும்?" என்று சொல்லிவிட்டுக் காலண்டரை எடுத்தார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டாவது தடவை ஒரு வாடகைக் காரு கூப்பிட்டிருக்கலாம்லக்கா?"

"புது பேட்டரி போட்டிருந்தேன்டி. எடுத்துரும்னு நெனச்சேன்."

"வெயில் படாம எடுக்காதுன்னு எனக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா?"

அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். அம்மா போனபோது அவள் ஒன்பதாம் வகுப்பு. அன்றிலிருந்து தலை வாரியது, காய்ச்சலுக்கு உட்கார்ந்திருந்தது, வேலைக்கு அனுப்பியது எல்லாம் நான். நான் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை, இது சத்தியம். ஆனால் வண்டி நின்ற அந்த இரண்டு காலையிலும், எல்லோரும் இறங்கி வீட்டுக்குள் போனபோது, அத்தனை கோபத்துக்கும் அடியில் ஓர் ஓரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுவும் சத்தியம்தான். அன்றைக்கு அவளிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தை கடைசி ஞாயிறு. ஆறரை மணி, பனி இன்னும் விலகவில்லை. ஐந்து பேரும் ஏறினோம். தங்கச்சி கேட்டைத் திறந்து பிடித்திருந்தாள். சாவியை ஒரு படி திருகி நிறுத்தினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. அது அணையும் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். எட்டு நொடி இருக்கும். பெரியப்பா முருகனைக் கூப்பிட்டார். நானும் ஒன்று வேண்டிக்கொண்டேன், இந்தத் தடவை எடுத்துவிட வேண்டும் என்றுதான். அதை முழு மனசோடு வேண்டுகிறேனா என்று எனக்குள்ளேயே ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டேன். விளக்கு அணைந்தது. திருகினேன். ஒரே அடியில் எடுத்தது.

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. அவள் கீரனூர் போய்விட்டாள். இப்போது தினமும் எட்டு மணிக்குப் போன் வருகிறது.

"வண்டி எடுத்திருச்சாக்கா?"

"எடுத்திருச்சு."

போனை வைத்துவிட்டு, ஓடுகிற வண்டியை அப்படியே தெருவில் விட்டுவிட்டு இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்திவிட்டு வருகிறேன்.