அண்ணி படித்த கடைசி வரி

சோபா செட் வாங்கினால் டீப்பாய் இலவசம் என்று மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில் அச்சடித்த துண்டு விளம்பரம் அது. பேப்பருக்குள் செருகி வந்திருந்தது. அண்ணி அதைச் சமையல் மேடையில் விரித்து, எண்ணெய்க் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். விளம்பரம் முழுக்க ஆங்கிலம். தமிழில் இருந்திருந்தால் அதன் மேல் குழம்புச் சட்டியை இறக்கி வைத்திருப்பாள். படித்து முடித்ததும் நிமிர்ந்து, "கேளு டீச்சரம்மா. எங்க விக்கிறான், எத்தினி நாளு விக்கிறான், இன்னா ஆஃபரு, எல்லாம் சொல்றேன்" என்றாள். நான் டீச்சர் ஒன்றும் இல்லை. அப்போது பி.காம். கடைசி வருடம். வங்கித் தேர்வுக்கென்று வாங்கி வைத்திருந்த கைடில் விளம்பரங்களையும் நிகழ்ச்சி அறிவிப்புகளையும் கொடுத்து, கீழே கேள்வி கேட்கிற பகுதி ஒன்று உண்டு. அந்தக் கைடை வைத்திருந்த ஒரே தகுதிக்காக எனக்கு அந்தப் பட்டம்.

வீட்டில் சோபா போட இடமில்லை. வாங்குகிற எண்ணமும் இல்லை. பிறகு எதற்கு அந்தப் படிப்பு என்றால், அண்ணன் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும், அதற்குத்தான். மூன்று வயது முடிந்த குழந்தை சேருவதற்கு அதன் அம்மா பரீட்சை எழுத வேண்டும்! எங்கள் பாரிவாக்கத்தின் ஓரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் இருக்கிறது. பெயரைச் சொல்லி அதற்கு ஓசி விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. அங்கே பெற்றோர் இருவரையும் உட்காரவைத்து, அம்மாவின் கையில் ஓர் ஆங்கிலத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள், அதிலிருந்து கேள்வி கேட்பார்கள் என்று எதிர் வீட்டுக்காரம்மா வந்து சொன்னார். அவர் மகனுக்கு அப்படித்தான் நடந்ததாம். "கதை கட்டுரைலாம் இல்லம்மா, ஏதாச்சும் விளம்பரம், இல்லாட்டி ஃபங்ஷன் நோட்டீஸு, அவ்ளோதான்" என்று தைரியம் வேறு சொன்னார். பெற்றோரையும் பிள்ளையையும் இப்படிச் சலித்து எடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் அதைத் தப்பு என்றே நினைக்கவில்லை. மழை வந்தால் குடை எடுப்பதுபோல, பள்ளிக்கூடம் என்றால் அம்மா இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டோம். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணி வேப்பம்பட்டில் பிறந்தவள். அங்கேயே தமிழ் வழியில் பத்தாவது முடித்தவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. தைத்து முடித்து வரும் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் முன் பிசிறு, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற செக்கிங் பிரிவில் இருந்தாள். காலையில் கம்பெனி வேனில் போனால் இருட்டும் நேரத்துக்குத் திரும்புவாள். வந்ததும் முகம் கழுவி, உலை வைத்துவிட்டு, "இன்னிக்கி இன்னா நோட்டீஸு?" என்று என் முன்னால் வந்து உட்காருவாள். அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுக்குப் பரீட்சை கிடையாதாம். அப்பா சும்மா உட்கார்ந்தால் போதுமாம். "எனுக்கு மட்டும் வெச்சிருந்தா நா அப்டியே வண்டிய எடுத்துகினு ஆந்திராவுக்கு ஓடிப்பூடுவேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

கைடில் இருந்ததை அண்ணி சீக்கிரமே முடித்துவிட்டாள். அப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் பாடம்தான். இலவசக் கண் பரிசோதனை முகாம், சூப்பர் மார்க்கெட் திறப்பு விழா, கோடைக்கால அபாகஸ் வகுப்பு, நசரத்பேட்டை பக்கம் மனை விற்கிற நோட்டீஸ். வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிளெக்ஸ் பேனர்களைப் படித்துக்கொண்டு வந்து, என்ன நிகழ்ச்சி, எங்கே, எப்போது, யார் சிறப்பு விருந்தினர், யாரெல்லாம் வரலாம் என்று கேள்வியும் தானே கேட்டுப் பதிலும் தானே சொல்வாள். அவள் படிக்கிற விதம் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. கைடு என்ன சொல்கிறது? முதலில் தலைப்பைப் படி, பெரிய எழுத்தைப் பிடி, மீதி தானாகப் புரியும் என்கிறது. அண்ணி கடைசியிலிருந்து ஆரம்பிப்பாள். அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கிற பொடி எழுத்து, நட்சத்திரக் குறி போட்ட வரி, பின்பக்கம், இதெல்லாம் முடித்துவிட்டுத்தான் தலைப்புக்கு வருவாள். "மேலேருந்து படி அண்ணி, மார்க்கு மேலதான் இருக்கு" என்று கத்துவேன். "சொக்கா பளபளன்னு எதிர்க்கதாம்மா தெரியும். திருப்பிப் போட்டாத்தான் உள்ள தையல எங்க உட்டுக்கிறான்னு தெரியும்" என்பாள். அபாகஸ் நோட்டீஸில், வகுப்பு முடிவில் போட்டி, கலந்துகொள்ளும் அனைவருக்கும் பரிசு என்று போட்டிருந்தது. "அல்லாருக்கும் பரிசுன்னா அப்புறம் போட்டி இன்னாத்துக்கு?" என்று கேட்டாள். கைடில் அந்தக் கேள்வியே இல்லை.

நேர்காணல் நாள் வந்தது. அண்ணி கம்பெனிக்கு லீவு போட்டு, கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு மூச்சு விடச் சிரமப்பட்டான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போனேன். அந்த ஹாலைப் பார்த்திருக்க வேண்டும். அடக் கொடுமையே! வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் வாய் அசைகிற ஓர் அம்மா. குழந்தைகள் ஓடியாடிச் சிரித்துக்கொண்டிருந்தன. பெற்றவர்கள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அம்மா தன் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொந்தப் பெயரைச் சொல்வதற்கு ஒத்திகை! பக்கத்திலிருந்த கணவர், "சிரிச்சிகினே சொல்லு" என்று முழங்கையால் இடித்தார். அண்ணி மட்டும் அமைதியாகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டார்கள். குழந்தை என் கையை விடாததால் நானும் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றேன். பிரின்சிபால் மேடம் நல்ல மாதிரியாகத்தான் சிரித்தார். மேஜையில் அடுக்கியிருந்த தாள்களிலிருந்து ஒன்றை உருவி அண்ணியிடம் நீட்டி, படித்து என்ன புரிந்தது என்று சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அது அந்தப் பள்ளியின் சொந்த விளம்பரம்! அட்மிஷன் நடக்கிறது, இந்த வகுப்பிலிருந்து இந்த வகுப்பு வரை இருக்கிறது, விளையாட்டுத் திடல் இருக்கிறது, இந்தந்த ஊருக்கு வேன் வரும் என்று வண்ணத்தில் அச்சடித்தது. அண்ணி சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். எந்த வகுப்பு வரை, வேன் எங்கெல்லாம் போகும் என்று மேடம் கேட்டதற்கெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில் சரியாகவே பதில் சொன்னாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. மேடம் கடைசியாக, "எனிதிங் எல்ஸ்?" என்றார்.

அண்ணி தாளைத் திருப்பினாள். பின்பக்கம், அடியில், பொடி எழுத்தில் இருந்த வரியில் விரலை வைத்தாள். "நோ டெஸ்ட் ஃபார் சைல்ட். நோ இண்டர்வியூ ஃபார் பேரண்ட்ஸ்" என்று படித்தாள். படித்துவிட்டு, "மேடம், திஸ் பேப்பர் டெல்லிங் நோ இண்டர்வியூ. பட் நவ் இண்டர்வியூ" என்று சொல்லிவிட்டு மலர்ச்சியோடு மேடத்தைப் பார்த்தாள்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அந்த எண்ணமே இல்லை. கைடில் கடைசிக் கேள்வி எப்போதும் கொஞ்சம் தந்திரமாக இருக்குமே, அப்படி வேண்டுமென்றே ஒளித்து வைத்த கேள்வி இது என்று நினைத்துக்கொண்டாள். தையல் விட்ட இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால் கம்பெனியில் சூப்பர்வைசர் 'குட்' என்பார் இல்லையா, அந்த 'குட்'டைத்தான் எதிர்பார்த்தாள். மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "திஸ் இஸ் ஒன்லி அன் இண்டராக்ஷன்" என்றார். அண்ணன் மேஜைக்கடியில் அண்ணியின் காலை மிதித்தான். நன்றி சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கி, "கடைசி கேள்விய புட்ச்சிட்டேன் பாத்தியா?" என்றாள். அவள் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

தேர்வானவர்கள் என்று ஒட்டிய பட்டியலில் குழந்தையின் பெயர் இல்லை. அண்ணன் ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கேட்டிருக்கிறான். அங்கிருந்த கிளார்க் ஏதோ தாளைப் பார்த்துவிட்டு, "மதருக்கு இங்கிலீஷ் படிச்சுப் புரிஞ்சிக்கத் தெரியலைன்னு எழுதியிருக்காங்க சார். வீட்ல ஹோம்வொர்க் சொல்லித்தர முடியாதுல்ல?" என்றாராம்.

புரிந்துகொள்ளத் தெரியவில்லையாம்! நல்லா இருக்கே நியாயம்! அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரிலும் அந்தத் தாளைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்துப் புரிந்துகொண்டவள் எங்கள் அண்ணி ஒருத்திதான். அச்சடித்தவர்களுக்கே அப்படி ஒரு வரி இருப்பது ஞாபகமில்லை. பொய் சொன்னவன் பாஸ், அதைப் படித்தவள் ஃபெயில். அந்தப் பள்ளிக்கூடம் நிற்கிற மண்ணில் எங்கள் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். சேற்றில் இறங்கு என்று சொன்ன யாரும் அன்றைக்கு அவரை ஆங்கிலத்தில் நேர்காணல் செய்யவில்லை. நான் குதித்தேன். கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதுகிறேன், அந்த விளம்பரத்தையே கூட இணைத்து அனுப்புகிறேன் என்று பேனாவோடு உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனோ பள்ளிக்கூடத்தின் மேல் காட்ட முடியாத கோபத்தை அண்ணி மேல் காட்டினான். "ஒயுங்கா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிகினு வந்திருக்கலாம்லமே? கடைசில உன்னிய ஃபெயிலுன்ட்டாங்க பாரு" என்றான். அண்ணி என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள். "வேணா டீச்சரம்மா. வேணான்னு சொன்ன எடத்துல எம் பொண்ணு எப்டி உக்காந்து படிக்கும்? அடிச்சி புட்ச்சி உள்ள உட்டாலும் அத்த எப்டி பாப்பாங்க?" என்றாள். எங்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த குழந்தை அண்ணியின் மடியில் ஏறி, அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது. "அம்மா, நீ ஃபெயிலா?" என்று கேட்டது. அதுவரை அழாமல் இருந்தவள் அப்போது உடைந்துபோனாள்.

குழந்தையை எங்கள் ஊர் பால்வாடிக்கே அனுப்பினோம். அதற்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. எங்களில் யாரும் அந்தப் பள்ளியின் பேச்சை எடுப்பதில்லை. அண்ணி நோட்டீஸ் படிப்பதையும் நிறுத்திவிட்டாள். வேனில் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

அடுத்த வருடம் அதே மாதத்தில், அதே வண்ணத்தில், அந்தப் பள்ளியின் விளம்பரம் பேப்பருக்குள் வந்து விழுந்தது. நான் கசக்கி எறியப் போனேன். அண்ணி என் கையிலிருந்து பிடுங்கித் தாளைத் திருப்பினாள். அடியில் பார்த்தாள். மறுபடி முன்பக்கம், மறுபடி பின்பக்கம் பார்த்தாள். அந்த வரி இல்லை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது, திடல் இருந்தது, வேன் இருந்தது, அந்த ஒரு வரி இருந்த இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. அண்ணி மகளைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, அந்த வெள்ளை இடத்தில் அதன் விரலை வைத்து அழுத்தினாள். "இங்க ஒரு வரி இருந்திச்சி கண்ணு. அம்மா படிச்சேன்னுதான் எடுத்துட்டாங்க. அம்மா பாஸு" என்றாள்.

குழந்தை கை தட்டியது. அண்ணன்கூடச் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளம்பரத்தைத்தானே திருத்தினார்கள்? நேர்காணலை நிறுத்தினார்களா? நேற்று வேலைக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் வண்டியில் போனேன். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே ஓர் இளம்பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையிலிருந்த தாளைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தினேன். பக்கத்தில் போய் அவளுக்கு ஒரு புத்தி சொல்ல நினைத்தேன். சொல்வதென்றால் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும். எல்லாவற்றையும் படிம்மா, ஆனால் புரிந்தாலும் புரியாத மாதிரியே உட்கார்ந்திரு என்று சொல்ல வேண்டும். பிள்ளையைப் படிக்க வைக்க வந்திருக்கிறவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.