அணைத்துவைத்த திரை

அக்காவின் பிடிவாதம் ஊரறிந்தது. பார்வையில்லாத தங்கைக்காக, கணினியில் இருப்பதை வாசித்துக்காட்டும் மென்பொருளைத் தனியாளாக எழுதியவள் அவள். அது ஓடுவது ஒரே இயங்குதளத்தில்தான். அந்த இயங்குதளத்துக்கு அவள் வைத்த பெயர் பிறந்த வீடு. போட்டி இயங்குதளம் மாமியார் வீடு. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். கட்டிய கணவரோ அதில்தான் வேலை செய்கிறார். ஒரே மேசையில் இரண்டு கணினிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

தங்கைக்கு வேலை கிடைத்தது, வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. அந்த அலுவலகத்திலோ எல்லாமே மாமியார் வீட்டுக் கணினிகள்.

"வேண்டாம்னு சொல்லிடறேன்க்கா," என்றாள் தங்கை.

"வாயக் கழுவுடி."

கணவர் மெல்ல ஆரம்பித்தார். "புதுசா ஒரு தளம் வந்திருக்கு. அதுல எழுதினா ரெண்டு சிஸ்டத்துலயும் ஓடும்."

"எல்லாம் எங்கயும் ஓடுச்சுன்னா, அப்புறம் எங்க சிஸ்டத்த எவன் வாங்குவான்?"

"நல்லாருந்தா வாங்குவான். வேற வழியில்லாம வாங்குறதுல என்ன பெருமை?"

அவளுக்குச் சுருக்கென்றது. புதுத் தளத்தில் திட்டிக்கொண்டேதான் மறுபடி எழுதினாள், ஆனால் ஒரு வரியிலும் குறை வைக்கவில்லை.

சோதிக்கும்போது திரையை அணைத்துவிடுவது அவள் வழக்கம். தங்கைக்கு இல்லாத வசதி தனக்கெதற்கு என்பாள். அன்றும் அணைத்துவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தட்டினாள். குரல் கணீரென்று வாசித்தது. தங்கையையும் உட்கார்த்திவைத்தாள். அவளும் சரளமாக ஒரு புகாருக்குப் பதில் எழுதி முடித்தாள்.

"பாத்தீங்களா எங்க வீட்டு லட்சணத்த? உங்க பக்கம் இப்படி ஓடட்டும், அப்ப ஒத்துக்கறேன்."

கணவர் மேசைக்கடியில் குனிந்தார். காலையில் தூசி துடைத்தபோது அவளுடைய கீபோர்டையும் ஹெட்செட்டையும் தன் கணினியில் மாற்றிச் செருகியிருந்தார். புது மென்பொருளைத் தன் கணினியிலும் ஏற்றிவைத்திருந்தார். நிமிர்ந்து தன் திரையைப் போட்டார். தங்கை எழுதிய பதில் அங்கே இருந்தது.

அக்கா அந்தத் திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"எந்தக் கம்ப்யூட்டர்னு எனக்கும் தெரியலையேக்கா," என்றாள் தங்கை.

"உனக்குத் தெரியக்கூடாதுன்னுதாண்டி எழுதினேன்," என்று அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். பெருமை பிடிபடவில்லை அவளுக்கு.

வேலையில் சேர்ந்த அன்று அக்காதான் கொண்டுபோய் விட்டாள். அதிகாரி தங்கையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்களுக்குன்னு தனியா எந்தக் கம்ப்யூட்டர் வாங்கணும்மா?"

"எதுனாலும் சரி சார்," என்றாள் தங்கை. "ஜன்னலோரமா ஒரு சீட்டு மட்டும் குடுங்க. எனக்குக் காத்து வரணும்."