நடக்காத விபத்துக்குப் புள்ளி இல்லை

இன்று கிண்ணியா பஸ்ஸில், எழுபதுகளில் எங்கள் துறைமுகப் பட்டறையில் சிறந்த கண்டுபிடிப்பாளரைத் தெரிவு செய்த குழுவின் தலைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

இவ்வளவு காலமும் கேட்கப் பயந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஐயா, பாரந்தூக்கிக் கொளுக்கியில இருந்து மூட்டை கழண்டு விழாமல் நான் ஒரு தடுப்புச் செய்தனான். ஏன் புள்ளி போடேல்லை?"

"அதைப் பூட்டின பிறகு ஒருதருக்கும் காயமில்லையே. பலனை எதை வைச்சு அளக்கிறது?"

"அதுக்கு முதல் மூட்டை விழுந்து எங்கட கந்தையாவுக்குக் கை போனதெல்லோ?"

"அது விபத்து விசாரிக்கிற பகுதியின்ர வேலை, தம்பி. எங்களுக்கு எண்ணிக்கைதான். பரிசு எடுத்தவர் ஏழு விதமாய்ச் சிகரெட் சாம்பல் தட்டு செய்து தந்தவர்."

"ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தேன். பிழை என்னிடம்தானோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

நடக்காத விபத்தை அளக்க யாராவது கருவி கண்டுபிடித்தால் அறியத் தாருங்கள். பரிசை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.