கணப்புச் சுவரும் வெள்ளைப் பசையும்

இங்கிலாந்தின் டாட்மார்டன் ஊரில் குளியலறைக்கு டைல் போட வேண்டுமென்றால் நோரீன் கிரீன்வுட்டைத்தான் கூப்பிடுவார்கள். ஆலை கேண்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவள், கணவன் வேறொருத்தியோடு போன பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து இந்தத் தொழிலைக் கற்றாள். இப்போது அறுபதை நெருங்குகிறாள். காதில் செருகிய பென்சில், வேனில் எப்போதும் ஒரு டப்பா இஞ்சி பிஸ்கட். கை சுத்தம். வாய்தான் சற்று நீளம்.

அந்த வாயால்தான் மகள் ஜோவன் வீட்டுக்குப் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. தபால்காரனான மருமகன் காரெத், சமையலறைத் தரைக்குத் தானே டைல் போட்டிருந்தான். "கண்ணை மூடிக்கிட்டா போட்ட?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். பேத்தி மார்த்தா பிறந்ததுகூட குறுஞ்செய்தியாகத்தான் வந்தது.

குழந்தை தவழத் தொடங்கிய பிறகு ஜோவனே போன் செய்தாள். கணப்புக்கு மேலே போகும் புகைபோக்கிச் சுவருக்கு மணற்கல் பதிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மார்த்தாவின் ஞானஸ்நான விருந்துக்குள் முடித்துவிட வேண்டும் என்றாள். இந்த முறை வாயைத் திறப்பதில்லை என்று நோரீன் வேனிலேயே முடிவு செய்துகொண்டாள்.

உள்ளே போனால் சுவர் பளபளவென்று மின்னியது.

"ரெண்டு கோட் அடிச்சு வெச்சிருக்கேன், நோரீன். இனிமே கல்லு சும்மா கவ்விப் பிடிச்சுக்கும்," என்றான் காரெத்.

"என்னத்த அடிச்ச, கண்ணு?"

"பிவிஏ. தண்ணி கலந்து. எங்கப்பா எதுக்குமே அதத்தான் அடிப்பாரு."

அவன் அப்பா மட்டுமில்லை, ஊரே அதைத்தான் அடிக்கும். தோட்டத்துக் கொட்டகையில் அந்த வெள்ளைப் பசை டப்பா இல்லாத வீடு அங்கே கிடையாது. மரத்துக்கு நல்ல பசைதான். அதன்மேல் டைல் பசையை ஈரமாகப் பூசினால், அது ஊறிப்போய்ப் பாலாடைபோல் கழன்றுவிடும். கனமில்லாத டைலாக இருந்தால் அதிர்ஷ்டத்தில் சில வருடம் நிற்கும். இந்தக் கற்களோ ஒவ்வொன்றையும் இரண்டு கையால் தூக்க வேண்டியவை. அடியில் இருந்த சுவர்ப் பூச்சும் அந்தக் கனத்தைத் தாங்காது.

மார்த்தா கணப்பு மேடையைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஒட்டிவிட்டுப் போகலாம். விருந்து முடியும்வரை நிற்கும். கிறிஸ்துமஸ்வரைகூட நிற்கலாம். அதற்கப்புறம்?

"ஒரே ஒரு கல்ல ஒட்டிட்டுப் போறேன். நாளைக்கு நீயே இழுத்துப் பாரு," என்றாள்.

அடியில் மரச்சட்டம் கொடுத்து ஒட்டினாள். குழந்தை அருகில் போகாதபடி சோபாவை இழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் காரெத் சட்டத்தை எடுத்துவிட்டு இழுத்தான். பெரிதாக முக்க வேண்டியிருக்கவில்லை. கல் கையோடு வந்தது. அதன் முதுகில் ரப்பர்போல ஒரு தோல், அதில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் பூச்சு.

"அப்ப என்ன பண்ணணும்?" என்றாள் ஜோவன்.

"பூச்சு மொத்தத்தையும் செங்கல் வரைக்கும் எடுக்கணும்."

"ஞாயித்துக்கிழமை வீடு நிறைய ஆளுங்க வராங்கம்மா. நீ வந்தாலே இப்படித்தான்."

"திட்டிக்கோ, கண்ணு. அந்தச் சுவருக்குக் கீழதான இவ உக்காருவா?"

ஜோவன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். காரெத் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கொட்டகைக்குப் போய்ச் சுத்தியலும் உளியும் கொண்டுவந்தான்.

விருந்துக்கு வந்தவர்கள் மொட்டைச் செங்கலைத்தான் பார்த்தார்கள். காரெத்தின் அப்பா கிளிஃபோர்ட் கிட்டப் போய்த் தடவிப் பார்த்தார்.

"கொஞ்சம் பிவிஏ அடிச்சிருக்கலாமே?"

"அடிச்சேன்ப்பா. அதான் இப்படி நிக்குது."

"எங்க வீட்டுக் குளியலறை இன்னும் விழலையே?"

நோரீன் ஒரு சாண்ட்விச்சை முழுதாக வாயில் திணித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வேலை தொடங்கியது. செங்கல்லில் துளை போட்டு, சிமெண்ட் பலகைகளை ஸ்க்ரூவும் அகலமான வாஷரும் கொண்டு முடுக்கினார்கள். பல் வைத்த கொத்துக்கரண்டியால் பலகையில் பசையை இழுத்து, கல்லின் முதுகிலும் பூசி, அடிச் சட்டத்திலிருந்து மேலே ஏற்றினாள் நோரீன். கனம் சரியாமலிருக்க நாளுக்கு இரண்டு வரிசைதான். சிலவற்றைக் காரெத்தும் ஒட்டினான்.

எல்லாம் இறுகியபின் கரண்டிப் பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே வந்தாள். கெட்டியான சத்தம். மேல் வரிசையில் ஒன்று மட்டும் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தது. கரண்டியோடு அப்படியே நின்றாள். வாய் திறந்து, மூடியது.

"இன்னொரு தடவ தட்டுங்க," என்றான் வாசலில் நின்ற காரெத்.

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அது நான் ஒட்டினது."

உளியை எடுத்து ஏணியில் அவனே ஏறினான். நோரீனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "கண்ணை மூடிக்கிட்டா ஒட்டின?"

"ஒரு கண்ணத்தான்," என்றான். "கீழ பிடிச்சுக்கங்க, கல்லு வருது."

சமையலறையிலிருந்து ஜோவன் குரல் வந்தது. "அம்மா, அத மறுபடி ஒட்டிட்டு ராச்சாப்பாட்டுக்கு இரு."