இரண்டு வலது இறக்கைகள்

பிள்ளைகளா, உங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் இதை அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் அவள் சிரித்தால், சிரித்து முடித்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

விமானம் பறந்ததை நீங்களே பார்த்தீர்கள். அதில் நான் எழுத ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாரம், அது பறக்குமா என்கிற கவலையே எனக்கு இல்லை. பெரியவளே, நீ திரும்ப அந்த வேலைக்குப் பக்கத்தில் வருவாயா மாட்டாயா என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

பிறந்தநாளுக்குப் புது உடுப்பு வேண்டாம், ரிமோட்டில் பறக்கிற விமானம் வேண்டும், அதுவும் செய்து வைத்தது வேண்டாம், நாமே ஒட்டிச் செய்வது வேண்டும் என்று கேட்டவள் நீ. பெட்டியைத் திறந்தால் விமானம் மாதிரி எதுவும் இல்லை. பால்சா மரத்தில் மெல்லிசாக வெட்டிய துண்டுகள், நீளக் குச்சிகள், அவ்வளவுதான். கையில் எடுத்தால் எடை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மரம். பதினாறு வருஷமாக இந்தப் பெங்களூரில், பீன்யா கம்பெனியில், இரும்பில் துளை போடுகிறவன் நான். அது என் கைக்கு ஒரு பொருளாகவே படவில்லை. கூடவே ஒரு பெரிய டிராயிங். மெத்தையை எடுத்துவிட்டு, கட்டில் பலகைமேல் அதை விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே கண்ணாடித் தாள் போட்டு, குண்டூசி குத்தினோம். கோட்டின்மேல் குச்சியை வைத்து ஒட்டிக்கொண்டே போனால் இறக்கை வந்துவிடும்.

டிராயிங்கில் ஒரு இறக்கைதான் வரைந்திருந்தது. வலது இறக்கை. பக்கத்தில் 2 என்று போட்டிருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் என்னமோ இருந்தது, நான் படிக்கவில்லை. எங்கள் கம்பெனியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: டிராயிங்கில் இருக்கிறபடி செய், இரண்டு என்றால் இரண்டு செய், உன் மூளையை அதில் கலக்காதே. கலந்தவன் செய்த பீஸெல்லாம் ஸ்கிராப் தொட்டிக்குத்தான் போகும்.

முதல் இறக்கை முடிந்தது. இரண்டாவதை ஆரம்பிக்கும்போது நீ கேட்டாய்.

"அப்பா, இதுக்கு பேப்பரைத் திருப்பிப் போடணும் இல்ல?"

"திருப்பினா பின்னாடி வெள்ளையா இருக்கு. வெள்ளைப் பேப்பர்மேல என்னத்த ஒட்டுவே?"

"இல்லப்பா, இது இன்னொரு பக்கத்துக்கு..."

"டிராயிங்கைத் திருப்பிப் போட்டு வேலை செஞ்சவனை நான் இதுவரைக்கும் பாக்கல. உனக்கு இதெல்லாம் புரியாது. கட்டையை எடு."

நீ எடுத்துக் கொடுத்தாய். நான் ஒட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் விமானத்தின் உடம்போடு வைத்துப் பார்த்தோம். வலது சரியாக உட்கார்ந்தது. இடதுபக்கம் வைத்தால் இறக்கையின் முன்விளிம்பு வாலைப் பார்த்தது. சரி என்று கவிழ்த்து வைத்தேன். முன்விளிம்பு முன்னால் வந்தது, ஆனால் மேடாக இருக்க வேண்டிய முதுகு கீழே போய்விட்டது. மறுபடி திருப்பினேன். முதுகு சரி, முன்பக்கம் தப்பு. முன்பக்கம் சரி, முதுகு தப்பு. இரண்டும் ஒரே அளவு, ஒரே வேலை, ஒரு நூல் வித்தியாசம் இல்லை. பின்னே எப்படி ஒன்று சேரும், ஒன்று சேராது?

சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, ஒரு றெக்கை மேல போறதுக்கு, ஒண்ணு கீழ போறதுக்கா?" என்றாள்.

அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, ரெண்டும் வலது கால் செருப்பா வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு?"

அவள் சொன்னதில் எல்லாமே இருந்தது. எனக்குத்தான் ஏறவில்லை. பெரியவளே, உன்னைப் பார்த்து, "நீதான் கட்டையை மாத்தி மாத்திக் கொடுத்திருக்கே" என்றேன்.

நீ ஒவ்வொரு கட்டையிலும் இருந்த நம்பரை விரல் வைத்துக் கடைசிவரை பார்த்தாய். எல்லாம் வரிசையாகத்தான் இருந்தது. என்னைப் பார்க்காமல் எழுந்து போனாய். அன்றைக்கு மெத்தையைத் திரும்பப் போடும்போதுகூட நீ பிடிக்க வரவில்லை. மறுநாள் கூப்பிட்டேன். "ஹோம்வொர்க் இருக்குப்பா." அதற்கு மறுநாளும் ஹோம்வொர்க்.

புதன்கிழமை கம்பெனியில், மெஷின் பக்கத்தில் மாட்டியிருந்த டிராயிங் ஒன்று எண்ணெயில் விழுந்துவிட்டது. எடுத்து உதறினேன். அதன் பின்பக்கம் என் பார்வைக்கு வந்தது. எண்ணெய் ஊறின இடத்தில் மட்டும் முன்பக்கத்துக் கோடெல்லாம் பின்னாலும் தெளிவாகத் தெரிந்தது. வலது ஓரத்தில் இருக்க வேண்டிய துளை இடது ஓரத்தில் இருந்தது. திருப்பினேன், வலது. மறுபடி திருப்பினேன், இடது. எத்தனை தடவை திருப்பினேனோ.

பக்கத்து மெஷின்காரர் கன்னடக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார், ஆனால் யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். "ஏன் குரு, டிராயிங்குக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறியா?"

"என் பொண்ணு அன்னிக்கே சொன்னா."

"என்ன சொன்னா?"

"திருப்பிப் போடணும்னு."

"சரி, போடு. அதுக்கு ஏன் அழுற மாதிரி நிக்கிறே?"

எனக்கே தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? இறக்கைக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனால் டிராயிங்படி செய்தவன் எப்படித் தப்பானான், டிராயிங்கையே மீறச் சொன்ன பிள்ளை எப்படிச் சரியானாள் என்று பஸ் முழுக்க யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியம்கூடத் தயார் பண்ணிவைத்திருந்தேன். கதவைத் திறந்தவள் நீதான். என் வாயிலிருந்து வந்தது, "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

அதோடு முடிந்தது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு எல்லாம் இப்படியே போயின. தயார் பண்ணின வாக்கியம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீளமாகிக்கொண்டே போனதே தவிர, வெளியே வரவில்லை. தப்பு செய்த பெரியவர்கள் பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு யாரும் காட்டியதில்லை. இன்றைக்கும் முழுசாகத் தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்டு. நீங்கள் ஸ்கூலுக்கும் அம்மா வேலைக்கும் போனபிறகு மெத்தையை எடுத்தேன். இரண்டாவது இறக்கையைப் பிளேடால் மூட்டு மூட்டாகப் பிரித்தேன். இரண்டு கட்டைகள் உடைந்தன. மிச்சமிருந்த பலகையில் அதேபோல வெட்டிக்கொண்டேன். அப்புறம் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, டிராயிங்கின் முதுகில் கைக்குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி மெதுவாகத் தேய்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கோடுகள் எழும்பின. இடது இறக்கை வந்தது.

அந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரி விரித்து, தாள் போட்டு, நாலு மூலையிலும் ஊசி குத்தினேன். பிரித்த கட்டைகளை நம்பர் வரிசையில் பக்கத்தில் அடுக்கினேன். ஒன்றைக்கூடக் கோட்டின்மேல் வைக்கவில்லை; அதை நீதான் வைக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன்.