ஐஸும் லாரியும் காட்டிய மரியாதை

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வரவழைக்க ஒரு ஏஐ ஏஜென்ட், லாரி பிடிக்க இன்னொன்று. இரண்டுக்கும் சட்டம் வகுத்தது நான்தான். ஜப்பானிலேயே இப்படிக் கிடையாது.

நம்ம மீனவப் பஞ்சாயத்து முறை: எல்லோரும் சம்மதிக்காமல் எதுவும் நகரக் கூடாது.

இன்று காலை, "லாரி உறுதியானால்தான் ஐஸ்" என்றது ஒன்று. "ஐஸ் வந்தால்தான் லாரி" என்றது மற்றது. மதியம்வரை இதே பேச்சு.

மீன் வியாபாரி அஞ்சலை ஏலத்தில் எடுத்த மீன் முழுக்க வெயிலில் நாறிவிட்டது. இனி கோழித்தீவனத்துக்குத்தான் போகும்.

"ஏன் மாமா, பஞ்சாயத்துல கடைசியா தலைவரு எழுந்து முடிவு சொல்வாருல்ல? இதுல அது யாரு?" என்றாள். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

இழுபறி வந்தால் இரண்டும் கூப்பிட, தலைவர் இடத்தில் என் நம்பரைத்தான் போட்டிருந்தேன். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நான் கடற்கரைச் சாலையில் நாலு பேருக்கு இந்தச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

இனி யார் நம்பரைப் போடலாம்? வாய் குறைந்த ஆளாகச் சொல்லுங்கள்.