குண்டு சுழல்வது எதற்கு

அந்த அச்சுப்படியின் அறுபத்திரண்டாம் பக்கம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. மட்டமான தாள், கையில் ஒட்டும் மை. எழுத்துப் பிழைகளை நான் சிவப்பு மையில் திருத்தியிருந்தேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி இருந்தது, அது என்னுடையதல்ல. கேள்விக்குறிகூட இல்லை, வெறும் புள்ளி. வைத்தவருக்கு அதற்குமேல் வைக்கத் தமக்கு உரிமையில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். புள்ளிக்கு நேராக இருந்த வாக்கியம் இது: 'ரிக் வண்டியின் இரும்பு முனை சுழன்று பாறையைத் துளைப்பது போலவே, சுழலும் பீரங்கிக் குண்டும் காற்றைத் துளைத்துக்கொண்டு நேராகச் செல்கிறது.' நான் எழுதிய அந்த நூலிலேயே எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான்.

எழுபதுகளின் கடைசியில் நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் வரலாற்று விரிவுரையாளர். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த எங்கள் குடும்பத்தில் வேலைக்குப் போன முதல் பெண். பட்ட வகுப்புக்கு விருப்பப் பாடமாகப் போர்க்கருவிகளின் வரலாற்றை வைத்தார்கள். தமிழில் நூல் கிடையாது. யாரும் ஏற்காததால் அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. துறைத் தலைவர் ஆசிரியர் அறையில் எழுந்து நின்று, "அம்மணி பீரங்கி உடப் போறாங்களாமா, எல்லாரும் காதப் பொத்திக்கோங்க" என்று அறிவித்தார். அந்த வேடிக்கை இரண்டு வருஷம் ஓடியது. நான் அறைக்குள் நுழைந்தாலே யாராவது ஒருவர் காதைப் பொத்துவார். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள், இந்த நூலில் ஒரு கால்புள்ளிகூடப் பிழையாக இருக்கக் கூடாது என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

விஷயம் எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போயிற்று. ஆரம்பகாலப் பீரங்கிக் குண்டு வெறும் உருண்டை. முதலில் கல், பிறகு இரும்பு. குழாயின் வாயைவிட உருண்டை சற்றுச் சிறியதாக இருந்தால்தான் உள்ளே இறங்கும். அந்த இடைவெளியால், மருந்து வெடித்துக் கிளம்பும்போது உருண்டை குழாயின் சுவரில் இப்படியும் அப்படியும் முட்டிக்கொண்டு வரும். கடைசி முட்டலைப் பொறுத்து ஏதோ ஒரு பக்கம் விலகிப் போகும். ஒரே பீரங்கி, ஒரே அளவு மருந்து, ஒரே குறி. ஆனால் பத்துக் குண்டுகளும் பத்து இடத்தில் விழும். பின்னால் வந்தவர்கள் குண்டை நீளமாக்கி முனையைக் கூராக்கினார்கள். குழாயின் உட்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளம் கீறினார்கள். குண்டின் இடுப்பில் ஒரு செம்பு வளையம் போட்டார்கள். வளையம் பள்ளத்தைக் கவ்வித் திருகிக்கொண்டு வர, குண்டு சுழன்றபடி வெளியேறியது. சுழன்ற குண்டு சொன்ன இடத்துக்குப் போனது. இதுவரை நான் எழுதியதெல்லாம் சரி. சுழன்றால் ஏன் நேராகப் போகிறது என்பதை மட்டும் நான் படித்த ஆங்கில நூல்கள் வாசகருக்குத் தெரிந்ததாகவே வைத்துக்கொண்டு தாண்டிப் போயின. அந்த ஓர் இடத்தை நானே இட்டு நிரப்பினேன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊர் ஊராக வெள்ளைப் புழுதியைப் பீய்ச்சிக்கொண்டிருந்த காலம் அது. சுழல்வது என்றால் துளைப்பது என்றுதான் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தோன்றும்.

புள்ளி வைத்தவர் எங்கள் கல்லூரி நூலகத்தின் உதவியாளர். சேந்தமங்கலத்துக்காரர். பீரங்கிப் படையில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கல்லூரி முழுக்க அவரை ஹவில்தார் என்றே கூப்பிட்டது. இடது காது சுத்தமாகக் கேட்காது. அதனால் யாரோடு நடந்தாலும் அவர்களை வலப்பக்கம் விட்டுக்கொள்வார். அவருடைய ஒரே மகள் எங்கள் துறையில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாய்மாமன் வீட்டில் மாப்பிள்ளை தயாராக இருந்தான். ஹவில்தார் மைத்துனரிடம் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்: மூன்று வருஷமும் ஒரு தாள்கூடத் தவறாமல் தேறினால் அவள் பி.எட். படிப்பாள், ஒன்று போனாலும் அடுத்த தை மாதம் கல்யாணம். இதை அவர் எல்லோரிடமும் சொல்வார், மைத்துனர் பேச்சு மாறிவிடாமல் இருக்கட்டும் என்றுதான்.

சேலத்து அச்சகத்துக்கும் எனக்கும் இடையில் அச்சுப்படிகளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர் அவர். பஸ்ஸில் உட்கார்ந்து அத்தனையையும் படித்திருக்கிறார். புள்ளியைக் காட்டி நான் கேட்டதும் தயங்கியபடியே சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. அது தொளைக்கறதுக்குச் சுத்தறது இல்லீங்க."

"பின்னே எதற்கு?"

"பம்பரம் எதுக்குங்க சுத்துது? நிக்கறதுக்குத்தானுங்க. சுத்தற வரைக்கும் சாயாது, சுத்து கொறஞ்சா தலையாட்டிப் படுத்துக்கும். குண்டும் அப்படித்தானுங்க. நீளமா இருக்கறத அப்படியே உட்டா காத்து மூக்கத் தூக்கிப் பொரட்டிப்போடும். பொரளாம இருக்கோணும்னுதானுங்க சுத்த உடறது. காத்துல தொளைக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

ஒரு விரிவுரையாளருக்குப் பதில் வராவிட்டால் என்ன வருமோ அது வந்தது. "புத்தகத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது" என்றேன். எந்தப் புத்தகத்திலும் அப்படிப் போட்டிருக்கவில்லை.

அவர் போகாமல் நின்றார். பிறகு சண்டையில் நடந்த ஒன்றைச் சொன்னார். சுட்டுச் சுட்டு அவர்களுடைய பீரங்கியின் பள்ளங்கள் தேய்ந்திருக்கின்றன. மாற்றுக் குழாய் வருவதற்குள் சுட உத்தரவு வந்துவிட்டது. "வளையம் புடிக்கலீங்க. கெளம்பறப்பவே சத்தம் வேற மாதிரி இருந்துச்சு, பக்குபக்குன்னு. சுத்தாம கரணம் போட்டுட்டுப் போயி, முன்னால இருந்த நம்ம பசங்க மேலயே உழுந்துருச்சுங்க. ஒருத்தன் போயிட்டான். சுடற கயிறு இழுத்தது நானுங்க." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லித் தேய்ந்துபோன பேச்சு அது. "அதனாலதானுங்க சொன்னேன். படிக்கற புள்ளைங்களுக்கு எதுக்குச் சுத்துதுன்னு சரியாத் தெரியோணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இயற்பியல் துறை எங்கள் வராந்தாவின் கடைசியில்தான் இருந்தது. நடந்தால் ஒரு நிமிஷம். நான் போகவில்லை. போய்க் கேட்டால் ஹவில்தார் சொன்னதைத்தான் அங்கேயும் சொல்வார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மாலைக்குள் விஷயம் துறைத் தலைவரிடம் போகும். நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர் திருத்தித் தந்த பீரங்கி என்று அடுத்த இரண்டு வருஷத்துக்கு வேடிக்கை நடக்கும். பென்சில் புள்ளியை ரப்பரால் அழித்தேன். படியைக் கட்டி அவரிடமே கொடுத்தேன். அவர் அதை அச்சகத்தில் சேர்த்துவிட்டு வந்தார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நூல் வெளிவந்தது. ரிக் உவமையைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியவர்களே நாலைந்து பேர். அப்போதெல்லாம் நான் நன்றி சொன்னேன்.

ஹவில்தாரின் மகள் இறுதித் தேர்வு எழுதிய வருஷம், போர்க்கருவி வரலாற்றுத் தாளின் கட்டாயக் கட்டுரை வினா: பீரங்கிக் குண்டு சுழலுமாறு அமைக்கப்பட்டது எதற்கு, விளக்குக. விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சேலத்து மே மாத வெயில், தகரக் கொட்டகை, நீளமான மேசைகள். முதன்மைத் தேர்வாளர் விடைக்குறிப்பை வாசித்தார். என் வாக்கியம் அப்படியே வந்தது. வாசித்துவிட்டு, "நூலாசிரியரே இங்க இருக்காங்க, சந்தேகம் இருந்தா கேட்டுக்கோங்க" என்று என்னைக் காட்டினார். இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். சொல்வதற்கு அதைவிட நல்ல தருணம் இனி வராது என்று எனக்குத் தெரிந்தது. நான் தலையை ஆட்டிவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினேன்.

இரண்டாம் நாள் எனக்கு வந்த விடைத்தாள் கட்டுக்குள் ஒரு தாள் இருந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும். உருண்டையான, அவசரமில்லாத எழுத்து. 'காற்றைத் துளைப்பதற்காக என்று நூலில் உள்ளது. அது சரியன்று. பம்பரம் சுழலும்போது சாயாமல் நிற்பது போல, குண்டின் முனை புரளாமல் இருக்கவே அது சுழற்றப்படுகிறது.' அப்பன் சொன்னதை மகள் எழுதியிருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். விடைக்குறிப்பின்படி பூஜ்யம். நான் முழு மதிப்பெண் போட்டேன். போட்டபின் பெரிய நியாயம் செய்துவிட்டது போல நெஞ்சு லேசானது. பக்கத்து மேசைகளில் வேறு யாராவது அதே போல எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன்; எழுந்து போய்ச் சொல்லவில்லை.

முடிவுகள் வந்த மறுநாள் ஹவில்தார் எவர்சில்வர் டப்பா நிறைய அதிரசம் கொண்டுவந்தார். மகள் எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள். என் நியாயத்தை யாரிடமாவது காட்டிக்கொள்ள வேண்டுமென்ற அரிப்பு எனக்கு. "கட்டுரையில் உங்கள் மகள் சரியான விடையைத்தான் எழுதியிருந்தாள், ஹவில்தார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. வலது காதை என் பக்கம் திருப்பி மறுபடி கேட்டார். பிறகு சிரித்தார்.

"அவ எழுதலீங்கம்மா. புஸ்தகத்துல இருக்கறபடிக்குத் தொளைக்குதுன்னுதான் எழுதியிருக்கறா. பம்பரம்தான் எழுதுவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. நாந்தான், வேண்டாம் சாமி, திருத்தறவங்க புஸ்தகத்தப் பாத்துத்தான் மார்க்குப் போடுவாங்க, இதுல போச்சுன்னா உன்ற மாமன் காத்துட்டு இருக்கறான்னு சொல்லி எழுத வெச்சேனுங்க." கொஞ்சம் யோசித்தார். "கூடப் படிக்கற புள்ளைக யாருக்காச்சும் அவ சொல்லியிருப்பா. அதுல ஒன்னு எழுதியிருக்குமாட்ட இருக்குதுங்க."

அவர் குரலில் குறை சொல்வது போல ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தன் கையால் கயிறு இழுத்து ஒருவனைக் கொன்றதாக எண்ணி வாழ்ந்தவர், அது எதனால் நடந்தது என்பதைத் தன் மகளையே மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறார். சொல்ல வைத்தது நான். வெட்கமாக இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து, இன்றைக்கே பதிப்பாளருக்கும் பாடத்திட்டக் குழுவுக்கும் எழுதுகிறேன், பிழை என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

அவர் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன்.

"இப்ப வேண்டாங்கம்மா."

"ஏன்?"

"அது தப்புன்னு நீங்க எழுதிப்போட்டீங்கன்னா, அப்படி எழுதுனவங்க மார்க்கெல்லாம் கொறச்சுப்போட்டாங்கன்னா?"

அப்படியெல்லாம் நடக்காது என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. "நடக்காதுன்னு சொன்னதெல்லாம் நடந்து பாத்தவனுங்க நானு. பி.எட். சீட்டுக் கெடைக்கற வரைக்கும் பொறுத்துக்கோங்க" என்று கைகூப்பினார். என்னிடம் அவர் எதற்காகவும் கைகூப்பியதில்லை. பொறுத்துக்கொண்டேன். அது எனக்கும் வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மதியம், வகுப்பு முடிந்து நான் ஆசிரியர் அறையில் இருக்கும்போது வந்தார். துறைத் தலைவரும் மற்றவர்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "சீட்டுக் கெடச்சுருச்சுங்கம்மா. இப்ப எழுதுங்க" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அத்தனை பேர் முன்னிலையிலும் தாளை எடுத்து எழுதினேன். எழுதியதை எழுந்து நின்று வாசித்தேன். யாரும் காதைப் பொத்தவில்லை. துறைத் தலைவர் மட்டும், "அப்போ அது ரிக்கு இல்லீங்களா?" என்று கேட்டார். அவருக்கும் அதுவரை தெரியாது.

கடிதத்தின் முடிவில், இப்பிழையைச் சுட்டிக்காட்டியவர் எங்கள் நூலக உதவியாளர் என்று ஹவில்தாரின் பெயரையும் படைப்பிரிவையும் எழுதியிருந்தேன். மறுபதிப்பின் முன்னுரையிலும் அதைச் சேர்க்கக் கேட்டிருந்தேன். அவர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இத மட்டும் அடிச்சுருங்கம்மா."

"உங்களுக்குச் சேர வேண்டியதுதானே?"

"எம் புள்ள நாளைக்கு டீச்சராப் போறவ. அப்பனுக்குச் சரியானது தெரிஞ்சிருந்தும் புள்ள தப்பா எழுதித்தான் பாசு பண்ணுனான்னு யாரும் பேசக் கூடாதுங்க."

அடித்தேன். மறுபதிப்பில் அறுபத்திரண்டாம் பக்கம் சரியாக இருக்கிறது. முன்னுரையில் யாருக்கும் நன்றி இல்லை. அவர் போய்ப் பல வருஷங்கள் ஆயிற்று. அவருடைய மகள் பணி ஓய்வும் பெற்றுவிட்டாள். இதை எழுதும் முன் அவளிடம் கேட்டேன், இப்போதாவது பெயரைப் போடலாமா என்று. "அப்பா வேண்டாம்னு சொன்னதுங்க மேடம்" என்றாள்.